எல்.எஸ்.

மூன்று ஆண்டு ஏழு மாதம் மிச்சமிருக்கிறது
அதன் உரிமைச் சான்றிதழுக்கு.
காரின் சாவு தேதியைத் தெரிந்துகொண்டே
பேரம் பேசும் ஊர் இது.

கறுப்பு எஸ்யூவி. செங்காங் கார் நிறுத்துமிடத்தின் ஆறாம் தளத்தில்
தூணுக்கும் பக்கத்து வேனுக்கும் நடுவே
வயிற்றை எக்கித்தான் இறங்கவேண்டும்.
"யானையைக் கட்டித் தீனி போடப்போறே" என்றார் குணசீலன்.
யானை தின்றது.
லிட்டருக்கு ஏழு புள்ளி எட்டு கிலோமீட்டர்.
பெட்ரோல் பம்ப்பில் எண்கள் ஓடும்போது
ஊசி போடுகையில் சுவரைப் பார்ப்பதுபோல்
வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாஷ்போர்டு டிராயரில் ஒரு நோட்டு கிடந்தது.
முன்பு வைத்திருந்தவர், ரஸாலி என்று பெயர்,
தேதி, லிட்டர், தூரம், சராசரி என
அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
பன்னிரண்டு புள்ளி ஒன்பது.
ஒரு மார்ச்சில் பதின்மூன்று புள்ளி இரண்டு,
அடியில் இரட்டைக் கோடு.
இதே கார். இதே எஞ்சின்.
நல்ல எண் ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'எல்.எஸ்.'

லோ ஸ்பீடா? கியர்த் தண்டின் அருகே தேடினேன்.
நானூறு பக்கக் கையேட்டில்
எல் இருக்கிறது, எஸ் இருக்கிறது,
எல்.எஸ். இல்லை.

காக்கி புக்கிட் பட்டறையில் ஆ சூனிடம் கேட்டேன்.
"லஞ்ச் சூன்" என்று சிரித்துவிட்டுக்
காரைத் தூக்கினான்.
டயரில் காற்று இருபத்தாறு, இருக்கவேண்டியது முப்பத்தைந்து.
காற்று வடிகட்டியைத் தட்டினால்
ஒரு அங்சானா இலை, ஒரு பல்லி எலும்பு,
எந்த ஆண்டுப் புகைமூட்டமோ அதன் கரி.
பின்பக்க இடச் சக்கரத்தைத் தொட்டவன் கையை உதறினான்.
பிரேக் ஒட்டிக்கொண்டு விடவேயில்லையாம்.
மூன்று வாரமாய் பிரேக்கை மிதித்தபடியேதான்
நான் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன்.
(குணசீலனிடம் சொன்னேன்.
"கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்" என்றார்.)

நான்கு பிளக், மெல்லிய எண்ணெய்,
கூரைக் கம்பிகளுக்கு விடை.
டிக்கியில் அதற்குள் குடிவந்திருந்தவை:
தண்ணீர்ப் போத்தல் இரண்டு அட்டை,
பதினான்கு வயதுக்காரனின் குழந்தைத் தள்ளுவண்டி,
ஒருநாளும் ஆடாத கோல்ஃப் பை.
எல்லாம் வீட்டுக்குத் திரும்பின. வீடு கனத்தது.

பத்து புள்ளி நான்கு.
அங்கேயே நின்றுவிட்டது.
வலது காலை இறகாக்கினேன்,
சிவப்பைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்தேன்,
ஈஆர்பி வளைவுக்கு முன்னால்
ஊரே தவழ, நானும் தவழ்ந்தேன்.
பத்து புள்ளி நான்கு.
முகம் தெரியாத ஒருவரிடம்
தினமும் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் நூர்அய்னி நோட்டைப் புரட்டினாள்.
"இதுகூடவா தெரியாது? லெபாஸ் சுபோ."
வைகறைத் தொழுகை முடிந்து.

அடப்பாவி மனுஷா,
காலும் இல்லை, காரும் இல்லை,
வேளை!

ஞாயிறு. நான் தொழவில்லை,
விளக்குகூட ஏற்றவில்லை.
பல் துலக்கினேன், சாவியை எடுத்தேன்.
முந்தின இரவே தொட்டியை நிரப்பியிருந்தேன்.
இருட்டில் தீவு விரைவுச்சாலை
யாரோ கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் கிடந்தது.
ஊசி எண்பதில் அசையாமல் நின்றது.
கண்ணாடியை ஒரு விரல் இறக்கினேன்,
மழைமரங்களின் ஈர வாசம்.
எஞ்சின் சத்தமே கேட்கவில்லை.
எங்கும் போகவேண்டியிருக்கவில்லை,
அதனால் துவாஸ்வரை போனேன்.

அங்கே மறுபடி நிரப்பிக் கைப்பேசியில் வகுத்தேன்.
பதின்மூன்று புள்ளி நான்கு.

அவருடைய இரட்டைக் கோட்டுக்குக் கீழே
அடிஸ்கேல் இல்லாமல் கொஞ்சம் கோணலாய் எழுதினேன்.
எதிரே எதைப் போடுவது?
பேனா மூடியைக் கடித்தபடி இருந்தேன்.
பின்னால் நின்ற லாரி
ஹாரன் அடித்தது.